றெஜியின் புள்ளி

அன்று காலை ஜெசிதாவுக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. வாடைக்காற்று ஏறப்போகிறது என்று வானிலை அறிவிப்பில் சொன்னதைக்கூட அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி றெஜி கடலில் எங்கே நிற்கிறான் என்று அறிய அவளுக்கு மடிக்கணினியைத் திறந்தால் போதும்.

குருநகரில் மீனவர் சங்கக் கட்டிடத்தின் முன்னறையில் அந்தக் கணினி திறந்தபடி இருந்தது. திரையில் கடலின் படம், அதில் இரண்டு புள்ளிகள். நீலப் புள்ளி லெனாட்டின் படகு. சிவப்புப் புள்ளி றெஜியின் படகு. இரண்டு படகிலும் ஜெசிதா தன் கையால் செய்து பூட்டிய சின்னப் பெட்டிகள் இருந்தன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெட்டி தான் நிற்கும் இடத்தை அலைவழியே சொல்லும். சங்கத்தின் மொட்டைமாடியில் நட்டிருந்த கம்பம் அதைப் பிடித்துத் திரைக்கு அனுப்பும். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கம்பனியில் புரோகிராம் எழுதுகிற பெண், தன் சொந்த நேரத்தில் செய்த வேலை இது. இரண்டு பெட்டியும் பிழையில்லாமல் ஓடினால் மற்றப் படகுகளுக்கும் செய்து பூட்டுவதாகச் சங்கத்தில் பேச்சு.

லெனாட்டும் றெஜியும் சோடியாகத் தொழிலுக்குப் போகிறவர்கள். சோடி என்றால் பேச்சுக்குச் சோடி இல்லை. சாமான்களையும் பங்குபோட்டுத்தான் ஏற்றுவார்கள். றேடியோ செற், பெரிய நங்கூரம், என்ஜினுக்கான உதிரிச் சாமான் எல்லாம் லெனாட்டின் படகில். ஐஸ் பெட்டி, சாப்பாடு, மேலதிக எண்ணெய்க் கான் எல்லாம் றெஜியின் படகில். எப்படியும் கூப்பிடு தூரத்தில்தானே நிற்கப்போகிறோம், ஒரே சாமானை இரண்டு படகிலும் ஏற்றி ஏன் பாரத்தைக் கூட்டுவான் என்பது அவர்களின் நியாயம். இரண்டு படகும் பிரிந்து நிற்கிற ஒரு நாளைப் பற்றி அவர்கள் யோசித்ததே இல்லை. கெட்டிக்காரி ஜெசிதாவும் யோசித்ததில்லை.

காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது, புங்குடுதீவுக்குத் தெற்கே நின்ற இரண்டு புள்ளிகளும் கரையை நோக்கித் திரும்பின.

"அம்மா, ரெண்டு பேரும் வருகினம்," என்றாள் ஜெசிதா.

"இவ்வளவு வெள்ளனவோ?" என்றாள் கத்தரீனா. மகளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தவள், அப்படியே வாங்கில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"காத்துக்குப் பயந்து திரும்பியிருப்பினம். நல்லது தானே."

கத்தரீனா சிலுவை போட்டுக்கொண்டு எழும்பிப் போனாள். காற்று கிளம்பிவிட்டது. இறங்குதுறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கின. ஜெசிதா கொஞ்சமும் கலங்கவில்லை. நீலமும் சிவப்பும் மண்டைதீவைச் சுற்றிக்கொண்டு ஒன்றாக வந்தன, ஒன்றாகக் கரை சேர்ந்தன. அவள் கணினியை மூடாமலே துறைக்கு நடந்தாள்.

கடலிலிருந்து வந்து சேர்ந்திருந்தது லெனாட்டின் படகு மட்டும்தான்.

லெனாட்டோடு போன வின்சன்ற் என்ற தொழிலாளியின் கையில் திருக்கை முள் ஏறியிருந்தது. இடுப்பிலிருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டிய கை வீங்கிப்போயிருந்தது. அவனை ஓட்டோவில் ஏற்றி ஆசுப்பத்திரிக்கு அனுப்பிவிட்டு லெனாட் திரும்பும்வரை ஜெசிதா காத்து நின்றாள்.

"றெஜி எங்கை, லெனாட் அண்ணை?"

"மிச்ச வலையை ஏத்திக்கொண்டு பின்னாலை வாறன் எண்டவன். ஏன்?"

"அவன் வந்திட்டான் எண்டெல்லோ காட்டுது."

லெனாட் துறையை ஒருமுறை பார்த்தான். "எங்கை வந்திட்டான்?"

அவள் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி துறையில்தான் நின்றது. பழைய செய்தியாக இருக்குமோ என்று நேரத்தைப் பார்த்தாள். சற்றுமுன் வந்த செய்தி. புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்டினாள். மொட்டைமாடிக்கு ஏறிக் கம்பத்தின் வயரை ஆட்டிப் பார்த்தாள். கீழே இறங்கி வந்து மறுபடி பார்த்தாள். புதிய செய்தி ஒன்று வந்திருந்தது. றெஜி துறையில் நிற்கிறான் என்று அது அடித்துச் சொன்னது.

சங்கத் தலைவர் செல்வரட்ணம் கடற்படை முகாமுக்குத் தொலைபேசி எடுத்தார். காணாமல்போன படகு எந்த இடத்தில் நிற்கிறது என்று அங்கிருந்து கேட்டார்கள். செல்வரட்ணம் ஜெசிதாவைப் பார்த்தார். ஜெசிதா திரையைப் பார்த்தாள். இருபது மீற்றர் தள்ளி இருக்கிற துறையின் பெயரை எப்படிச் சொல்வது? "இடம் சரியாத் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ," என்றாள். இதற்கென்றே பெட்டி செய்தவள் அதைச் சொல்லவேண்டி வந்ததே என்று அவளுக்கு நாக்கூசியது.

லெனாட் அதற்குமேல் நிற்கவில்லை. இன்னொருவனை ஏற்றிக்கொண்டு, வலைபோட்ட இடத்துக்கே திரும்பப் புறப்பட்டான். றெஜியின் படகில் அவனோடு அடைக்கலநாதன் மட்டுமே இருக்கிறார், அனுபவசாலி. ஆனால் என்ஜின் நின்றுபோனால் அவர்களிடம் உதிரிச் சாமான் இல்லை. பெரிய நங்கூரமும் இல்லை. அந்தத் தூரத்தில் கைத்தொலைபேசி எடுபடாது, கூப்பிட றேடியோவும் இல்லை. எல்லாம் லெனாட்டின் படகில்.

நீலப் புள்ளி துறையைவிட்டுக் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சிவப்புப் புள்ளியும் கிளம்பியது.

ஜெசிதா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். நீலம் மண்டைதீவைச் சுற்றியது, சிவப்பும் சுற்றியது. நீலம் தெற்கே திரும்பியது, சிவப்பும் திரும்பியது. அருகில் உட்கார்ந்திருந்த லெனாட்டின் மனைவி தனுஷிகா, "பாத்தியே, றெஜியும் போறான்," என்றாள். பிறகு தான் சொன்னதன் அர்த்தம் தனக்கே விளங்காமல் திரையைக் கிட்டப்போய்ப் பார்த்தாள்.

வலைபோட்ட இடத்தை அடைந்ததும் சங்கத்து றேடியோவில் லெனாட்டின் குரல் வந்தது. காற்றின் இரைச்சலுக்குள் அவன் கத்திப் பேசினான்.

"பிள்ளை, இஞ்சை ஒருத்தரையும் காணேல்லை. பெட்டி என்ன சொல்லுது?"

"உங்களுக்குப் பக்கத்திலை எண்டுதான் காட்டுது அண்ணை."

"எந்தப் பக்கம்?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நீலத்தின் மேல் சிவப்பு ஏறி நின்றது. "சரியா நீங்கள் நிக்கிற இடத்திலை."

"நான் நிக்கிற இடத்திலை தண்ணிதான் பிள்ளை நிக்குது."

அதன்பிறகு றேடியோ இரைந்துகொண்டே இருந்தது. லெனாட் திரும்பப் பேசியபோது கத்தவில்லை. அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"ஜெசி, அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"ஏன் அண்ணை?"

"அவன்... கீழை இருப்பானோ?"

கத்தரீனா வாசலில்தான் நின்றாள். அவள் அலறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டாள். தனுஷிகா ஓடிப்போய் அவளைத் தாங்கினாள். "இஞ்சேருங்கோ, தண்ணிக்குள்ளை இறங்கிறேல்லை, சொல்லிப்போட்டன்!" என்று அங்கிருந்தபடியே றேடியோவைப் பார்த்துக் கத்தினாள்.

"நங்கூரக் கயிறு இருக்கு. இறங்கிப் பாக்கத்தானே வேணும்," என்றான் லெனாட்.

ஜெசிதா மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுதால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. கடலுக்கடியில் ஒரு பெட்டி இருந்தால் அதனால் பேசவே முடியாது. தண்ணீருக்குள்ளிருந்து அலை வெளியே வராது. ஆனால் றெஜியின் பெட்டி இப்போதும் பேசுகிறது. அப்படியென்றால் அது தண்ணீருக்கு மேலேதான் இருக்கவேண்டும். மேலே இருக்கிறது என்றால் லெனாட்டின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

"அண்ணை, இறங்காதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ. அவன் கீழை இல்லை," என்றாள்.

"பின்னை எங்கை?"

அவள் வந்த செய்திகளை அப்படியே எழுத்தாகத் திறந்து பார்த்தாள். லெனாட் நிற்கும் இடத்தைக் குறிக்கும் எண்கள், அகலாங்கு, நெட்டாங்கு. றெஜியின் அகலாங்கு, நெட்டாங்கு. கடைசி இலக்கம்வரை இரண்டும் ஒன்றே. முந்திய செய்தியிலும் அப்படி. அதற்கு முந்தியதிலும் அப்படி. இரண்டு படகைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாலும் கடைசி இலக்கம் ஒத்துவராது. இது பக்கத்தில் நிற்கிற இடம் இல்லை. லெனாட்டின் இடத்தைத்தான் றெஜியின் பெட்டி தன்னுடையதென்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

எப்படிச் சொல்லும்? தான் சீ என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமைத் திறந்தாள். கடவுச்சொல்லை இரண்டுதரம் பிழையாக அடித்தாள்.

படகின் இடத்தை எழுதித்தருவதற்கென்று அவள் புரோகிராமுக்குள் ஒரு பங்ஷன், அந்த ஒரு வேலைக்கான தனித் துண்டு, எழுதியிருந்தாள். அது நினைவகத்தில் தன் வேலைக்குக் கொஞ்சம் இடம் பிடித்து, அதில் அகலாங்கையும் நெட்டாங்கையும் எழுதி, அந்த இடத்தின் முகவரியைத் திருப்பிக் கொடுக்கும். முகவரியைத் தாங்குகிற அந்தச் சாமானைத்தான் பொயின்ரர் என்பார்கள். வில்லங்கம் என்னவென்றால், பங்ஷன் பிடித்த இடம் அது வேலைசெய்கிற வரைக்கும்தான் அதனுடையது. வேலை முடிந்த கையோடு இடம் பறிபோய்விடும். முகவரி மட்டும் கையில் மிஞ்சும். மீன் ஏலக் கொட்டிலில் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவனின் இடத்தில் அடுத்தவன் வந்து கூடையை வைப்பதுபோல, அடுத்த பங்ஷன் வந்து அதே இடத்தில் தன்னுடையதை எழுதும். யாரும் வராதவரை பழைய எழுத்து அழியாமல் கிடக்கும். கிடக்கிறதே என்று நம்பினால் போச்சு.

ஒரு வருஷமாக யாரும் வரவில்லை. பெட்டி சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. போன மாதம் ஜெசிதாவே ஒருவரை அங்கே கொண்டுவந்து குடியேற்றினாள். பக்கத்துப் படகின் செய்தியைக் கேட்டுக் கரைக்கு அஞ்சல் செய்கிற புதிய பங்ஷன் அது. எந்தப் புதுமையையும் முதலில் தம்பியின் படகில் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். அதையும் றெஜியின் பெட்டியில் மட்டும் ஏற்றினாள். றெஜியின் பெட்டி தன் இடத்தை எழுதும்; அனுப்புவதற்கு முன் பக்கத்துப் படகுக்குக் காது கொடுக்கும்; லெனாட்டின் செய்தி வந்து பழைய எழுத்தின் மேலேயே விழும்; பிறகு அதையே தன் பெயரில் அனுப்பும்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தாள். மேசையில் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே மேசையில் இருந்தால் ஒரே இடத்தைத்தானே காட்டும்! பிறகு கடலில் பார்த்தாள். அங்கேயும் இந்தச் சோடி ஒருநாளும் பிரியவில்லை. லெனாட்டின் இடத்தைச் சொன்னாலும் அது றெஜியின் இடமாகவே தெரிந்தது. திருக்கை முள் ஒன்று வந்து இருவரையும் பிரித்தபிறகுதான் பொய் வெளியே வந்தது.

இதைவிடக் குத்தியது இன்னொன்று. பெட்டி செய்த புதிதில், எழுதிய புரோகிராமைப் பெட்டிக்கு விளங்கும்படி மாற்றித்தருகிற கம்பைலர் அவளை எச்சரித்தது. லோக்கல் வேரியபிளின், அதாவது வேலை முடிந்ததும் பறிபோகிற இடத்தின், முகவரியைத் திருப்பிக் கொடுக்கிறாய் என்று ஒரு மஞ்சள் வரி. அன்று அவளுக்கு அவசரம். நடுவில் இன்னொரு பொயின்ரரை வைத்து, முகவரியை அதற்கு மாற்றி, அதைத் திருப்பிக் கொடுத்தாள். கம்பைலர் ஏமாந்து வாயை மூடிக்கொண்டது. தானும் தன்னை ஏமாற்றிக்கொண்டு நித்திரைக்குப் போனாள். இப்போது அந்த வரியைப் பார்க்க அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறையவேண்டும்போல இருந்தது.

அறைய நேரமில்லை. லெனாட்டின் செய்தி கேட்டால்தான் றெஜியின் எழுத்து அழியும். கேட்காவிட்டால்?

அவள் றேடியோவை எடுத்தாள்.

"லெனாட் அண்ணை, உங்கடை பெட்டியை நிப்பாட்டுங்கோ."

"என்ன?"

"நிப்பாட்டுங்கோ. உங்கடை பெட்டி கதைக்கிற வரைக்கும் றெஜியின்ரை பெட்டி உங்கடை இடத்தைத்தான் சொல்லும். பிழை பெட்டியிலை இல்லை, நான் எழுதினதிலை. காலமை இருந்து நான் சொன்னதெல்லாம் பிழை."

தனுஷிகா எழும்பி மேசைக்கு வந்தாள். வெளியே கடல் வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. "நிப்பாட்டினா அவர் எங்கை நிக்கிறார் எண்டு எனக்கு ஆர் சொல்லுறது?"

"ஒருத்தரும் சொல்லேலாது அக்கா."

"உன்ரை கணக்கு இப்பவும் பிழையெண்டால்?"

பிழையாக இருக்கலாம். காலையிலிருந்து ஜெசிதா சொன்ன ஒன்றும் சரியாக இருக்கவில்லை. பிழையென்றால் ஒன்றுக்கு இரண்டு படகு காணாமல் போகும். அவள் தனுஷிகாவின் முகத்தைப் பார்த்தாள். "தெரியாது அக்கா. ஆனா எனக்கு வேற வழி தெரியேல்லை," என்றாள்.

தனுஷிகா கத்தரீனாவைத் திரும்பிப் பார்த்தாள். தரையில் இருந்தவள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனுஷிகா ஜெசிதாவின் கையிலிருந்து றேடியோவைப் பறித்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் புருஷனிடம். "நிப்பாட்டுங்கோ அதை. ஆனா வாயை மூடக் கூடாது. செற்றிலை கதைச்சுக்கொண்டே இருக்கவேணும்."

நீலப் புள்ளி மங்கிப் போனது.

சிவப்பு அசையாமல் கிடந்தது. அடுத்த செய்தி வரும்வரை பொறுக்கவேண்டும். லெனாட் மனைவிக்குப் பயந்து எதையெதையோ பேசிக்கொண்டிருந்தான். அலையின் உயரத்தைச் சொன்னான், மழை தொடங்கியதைச் சொன்னான், ஐஸ் பெட்டி றெஜியோடு போனதால் தனக்குக் குடிக்கக்கூட ஒன்றும் இல்லை என்றான். ஜெசிதாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் மனதுக்குள் ஓடியது. அதற்குமேல் செபம்கூட வரவில்லை.

சிவப்புப் புள்ளி துள்ளியது.

தென்மேற்கே, வெகுதூரத்தில், இந்தியக் கடல் எல்லைக் கோட்டுக்குக் கிட்டப்போய் நின்றது. வாடை அவர்களை அப்படியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஜெசிதா எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். லெனாட் திருப்பிச் சொன்னான். ஓர் இலக்கத்தை அவன் மாற்றிச் சொல்ல, அவள் கத்தித் திருத்தினாள். செல்வரட்ணம் அதே எண்களைக் கடற்படைக்குச் சொன்னார்.

அதன்பிறகு திரையில் சிவப்பு மட்டும்தான். லெனாட் அதை நோக்கிப் போகிறான் என்பதற்கு அவன் குரலைத் தவிர ஆதாரம் ஒன்றும் இல்லை. பிறகு தூரம் கூடிக் குரலும் இல்லாமல் போயிற்று. தனுஷிகா றேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அதன் பட்டனை அமத்துவதும் விடுவதுமாக இருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க ஜெசிதாவால் முடியவில்லை. சிவப்புப் புள்ளி எல்லைக் கோட்டைத் தொட்டது. தொட்டபடி நின்றது. அடுத்த செய்தியில் கோட்டுக்கு இங்காலே வந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் இங்காலே.

"காத்து அங்காலை தள்ளுது. இவை இங்காலை வருகினம்," என்று ஜெசிதா மெல்லச் சொன்னாள். பிறகு எழும்பி நின்று கத்தினாள். "ஆரோ இழுத்துக்கொண்டு வருகினம்! அக்கா, லெனாட் அண்ணைதான்!"

தனுஷிகா அப்போதுதான் அழுதாள்.

பொழுது சாய முன்னர் இரண்டு படகும் கயிற்றில் பிணைந்து துறைக்கு வந்தன. ஊரில் பாதிப்பேர் மழையில் நனைந்தபடி நின்றார்கள். லெனாட் இறங்கியதும் தனுஷிகா அவனுடைய தோளில் இரண்டு அடி போட்டாள். அவன் நின்று வாங்கிக்கொண்டான். கத்தரீனா மகனின் தலையைத் தடவி, காதைத் தடவி, கையைப் பிடித்துப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று கண்டபிறகுதான் அவனைத் திட்டத் தொடங்கினாள்.

வலைக் கயிறு என்ஜினின் விசிறியில் சுற்றி, விசிறியைப் பூட்டியிருக்கும் ஆணி முறிந்துவிட்டது என்று றெஜி சொன்னான். சின்ன நங்கூரம் மண்ணைப் பிடிக்காமல் இழுபட்டது. அவன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்; பயந்தவனாகத் தெரியவில்லை.

"எனக்கு ஒரு பயமும் இல்லை அக்கா," என்றான். "உன்ரை பெட்டியிலை பச்சை லைற் எரிஞ்சுகொண்டே இருந்தது. காலமை ஒரு பெரிய படகு எங்களைத் தாண்டிப் போனது. கூப்பிட்டால் கேக்கிற தூரம் தான். அடைக்கலண்ணை போட்டிருந்த சேட்டைக் கழட்டி ஆட்டப் போனார். நான்தான் மறிச்சனான். சும்மா பிறத்தியாரை ஏன் கரைச்சல் படுத்துவான், கரையிலை அக்கா எங்களைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறா எண்டு சொன்னனான்."

ஜெசிதா சொல்லாமல் விட்டால் றெஜிக்குத் தெரியப்போவதில்லை. லெனாட்கூட இனி அதைக் கிளறமாட்டான். ஆனால் நாளைக்கும் இவன் அந்தப் பச்சை லைற்றை நம்பிக் கடலுக்குப் போவான்.

"நான் உன்னைப் பாக்கேல்லையடா," என்றாள். "காலமை முழுக்க லெனாட் அண்ணையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீ எங்கை நிண்டனி எண்டு எனக்குத் தெரியாது."

பகிடி விடுகிறாள் என்று நினைத்து றெஜி சிரித்தான். கையில் இன்னும் ஈரச் சேட்டைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்ற அடைக்கலநாதன் சிரிக்கவில்லை.